மூலையில் ஒரு விரல்

அன்பு மகள் வாலுவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் சுகமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மாவின் பிறந்த நாளுக்கு எந்தக் கேமரா வாங்கலாம், படங்களை இனி எந்த இணையதளத்தில் போடுவது என்று கேட்டிருந்தாய். நாம் இத்தனை வருஷம் படம் போட்டு வந்த தளத்தை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்கள் என்று உனக்கும் தகவல் வந்திருக்கும். வேறு மூன்று பார்த்தேன். ஒன்று படத்தைச் சுருக்கிவிடுகிறது, பெரிதாக்கினால் உன் மூக்கு கட்டம் கட்டமாகத் தெரிகிறது. இன்னொன்றில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் கருத்துச் சொல்கிறார்கள், நம் வீட்டு ஜன்னல் சாய்ந்திருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார், உண்மைதான், ஆனாலும் கோபம் வந்தது. மூன்றாவதில் படம் எடுத்த அளவிலேயே இருக்கும், குடும்பத்தார் மட்டும் பார்க்கலாம். அதுதான் நமக்குச் சரி.

கேமராதான் சிக்கல். கை நடுக்கம் வந்ததிலிருந்து அம்மா கேமராவைத் தொடவேயில்லை, எடுத்தா எல்லாம் ஆடிப்போகும், எனக்கு எதுக்கு என்று எழுந்து போய்விடுகிறாள். அந்தச் சின்னக் கேமராவைக் கைப்பையில் சாவிக்கொத்தோடு போட்டு வைத்திருப்பாளே, நினைவிருக்கிறதா. உனக்குப் பல் விழுந்தது, நீ சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தது, எல்லாவற்றுக்கும் அவள்தான் சாட்சி. அழுகிற பிள்ளையைத் தூக்காமல் படம் எடுக்கிறாயே என்று நான் கத்துவேன். படம் தவறாமல் அழகாக இருக்கும், இடது மேல் மூலையில் அவள் விரலும் தவறாமல் இருக்கும். வரைபட அலுவலகத்தில் முப்பது வருஷம் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்த கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. தளத்தில் ஏற்றும் முன் ஒவ்வொரு படத்திலும் அந்த மூலையை வெட்டினேன், வெட்டியதை அதே பெயரில் சேமித்தேன். பழையது அதோடு போயிற்று. அவளிடம் சொன்னதேயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய தளத்திலிருந்து படங்களை இறக்கும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நூறு படமாவது பார்த்திருப்பாள். பிறகு மெதுவாக, எதுலயும் நான் இல்ல, என் விரலாவது இருக்கும்னு நெனச்சேன், அதையும் வெட்டிட்டீங்களா என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாளே பிடிவாதமாக அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். கை ஆடினாலும் படம் ஆடாத வகை என்று கடைக்காரர் உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றைக் கொடுத்தார். வேண்டாம் வேண்டாம் என்றவள் என்னைக் கதவோரம் நிற்க வைத்து, கொஞ்சம் சிரிங்க, சொத்து ஒண்ணும் போயிடாது என்றாள். எடுத்த படத்தில் என் சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாக இருந்தது. இடது மேல் மூலையில் விரல். அழிச்சிட்டு வேற எடுங்கம்மா என்றார் கடைக்காரர். அவர் கையைப் பிடித்து நிறுத்தி, அதை அப்படியே என் போனுக்கு வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அடுத்து எதை எடுக்கலாம் என்றே பேசிக்கொண்டு வந்தாள்.

அதனால் அந்தக் கேமராவே வாங்கு, அதன் பெயரை மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ விடுதியில் இருந்தபோது எனக்குத் தெரியாமல் அம்மா உனக்குத் தனி ஆல்பம் அனுப்புவாளாமே, இப்போதுதான் சொல்கிறாள். நான் கைவைக்காத படங்கள் உலகத்திலேயே அவை மட்டும்தான், அவையும் அந்தப் பழைய தளத்தில் உன் கணக்கில்தான் இருக்கின்றன. மாதம் முடிவதற்குள் இறக்கிவிடு. புதிய தளத்தில் போடும்போது, விரல் பெரிதாகத் தெரிகிற படத்தை முதலில் போடு.

இனி எதையும் வெட்டாத,
உன் அப்பா