அண்ணத்துக் கட்டியும் உன் அவசரமும்

இன்று காலை ஃபார்மலின் புட்டியைத் திறந்ததும் நெடியோடு எரிச்சலும் தலைக்கேறியது. திருக்காட்டுப்பள்ளியில் உன் கிளினிக்கை இப்போது நடத்துகிற பெண் அனுப்பியது. உள்ளே குருணை அளவுக்குச் சதைத் துணுக்கு. இதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? பெரிதாக எடுக்கும்படி போனில் சொல்லிவிட்டு, உன்னைத்தான் திட்டினேன். நீ ஆரம்பித்து வைத்த பழக்கம் இது.

ஒரே பல் மருத்துவக் கல்லூரியில் படித்தோம். நீ கிளினிக் வைத்தாய். நான் தஞ்சாவூரில் வாய்த் திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயின் பெயர் சொல்லும் வேலைக்கு வந்தேன். துணுக்கை அனுப்பிய கையோடு போன் செய்வாய். "புத்துதானா? ஆமாவா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லுடி."

அமுதாவின் கட்டிக்கும் அப்படித்தான். குத்தகை நிலத்தில் பயிர் வைக்கிறவர். வாயின் மேற்கூரையில், அண்ணத்தில், சுண்டைக்காய் போல் ஒரு வீக்கம், வலி கிடையாது. வேறொரு டாக்டர் "சாதாரணக் கட்டி, விட்டுடுங்க" என்றிருந்தார். உனக்கு மனசு ஒப்பவில்லை. நீ அனுப்பிய துணுக்கில் செல்களெல்லாம் ஒரே மாதிரி, சாதுவாக இருந்தன. ஓரிடத்தில் குழாயாக, ஓரிடத்தில் ஒற்றை வரிசையாக. சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வருகிற வீரியம் குறைந்த புற்றும் இப்படி இருக்கும், கெடுதல் இல்லாத கட்டியும் இப்படி இருக்கும். கட்டி தன் எல்லைக்குள் நிற்கிறதா, பக்கத்துத் திசுவுக்குள் நுழைகிறதா என்று விளிம்பைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். நீ அனுப்பியதில் விளிம்பே இல்லை.

"பெரிசா எடுத்து அனுப்பு" என்றேன்.

"உன் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிப் புது ஆத்துல போட்டுடுவேன்" என்று போனை வைத்தாய்.

அமுதா மறுபடி சம்மதிக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்து நடவு நடந்துகொண்டிருந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு வயலுக்கே போனாய்.

"வலிக்காததுக்கு எதுக்குங்க கத்தி? அறுப்பு முடியட்டும்" என்றார் அமுதா.

நீ வரப்பில் நின்று கத்தினாய். "வலிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தா பேச வாய் இருக்காது. நாளைக்கு வாங்க, வண்டி அனுப்புறேன்!"

நடவுப் பெண்களெல்லாம் சிரித்தார்கள். அமுதாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வந்தார்.

நீ இரண்டாவதாக எடுத்தனுப்பிய துண்டில் விளிம்பு இருந்தது. அதே சாதுவான செல்கள் ஒரு நரம்பைச் சுற்றி வளையம் வளையமாக நின்றன. எல்லை தாண்டிவிட்டது, புற்றுதான். இதைவிடப் பொல்லாத இன்னொரு புற்றும் நரம்பை இப்படிச் சுற்றும். ஆனால் அதில் சுரப்பிக் குழாயின் உள்வரிசைச் செல், வெளிவரிசைச் செல் என்று இரண்டு வகையும் தெரியும். இதில் ஒரே வகைதான். சாயம் ஏற்றிப் பார்த்தும் உறுதியானது.

உன்னைக் கூப்பிட்டு "ஆமா" என்றேன். "வீரியம் குறைஞ்சதுதான். முழுசா எடுத்துட்டா பிழைச்சுக்குவாங்க." மறுமுனையில் நீ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அந்த ஓட்டையை மூட நீ செய்து கொடுத்த தகட்டை மாட்டிக்கொண்டு, மூக்கு வழியாக வராமல் தண்ணீர் குடித்தார் அமுதா. குடித்ததும் சொன்னார்: "இந்தம்மா வயல்ல என் மானத்தை வாங்கிட்டாங்க."

ஊரையே அவசரப்படுத்தியவள், உன் விஷயத்தில் மட்டும் என்ன செய்தாய்? படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தோள் இழுக்கிறது என்றாய். ஈசிஜி எடுடி என்று எவ்வளவு கெஞ்சினேன்! "கூட்டம் குறையட்டும், பாத்துக்கலாம்." ஒருநாள் கிளினிக்கிலேயே சரிந்து, போய்ச் சேர்ந்துவிட்டாய். உன்னைப்போல ஒரு மடச்சியை நான் பார்த்ததில்லை. அதை உன்னிடம் சொல்ல முடியாததுதான் எனக்கு ஆத்திரம்.

இந்தப் புற்று பல வருஷம் கழித்தும் திரும்பலாம் என்பதால் அமுதா தவறாமல் சோதனைக்கு வரவேண்டும். நீ போனபிறகு அவர் வரவில்லை. போன வாரம்தான் தஞ்சாவூருக்கு என்னிடம் வந்தார். நல்லவேளை, வாயில் ஒன்றுமில்லை.

"அந்தம்மா இருந்தா வீட்டுக்கே வந்து திட்டியிருப்பாங்க. இப்ப யாருங்க இருக்கா?" என்று அழுதார்.

எனக்குச் சத்தம் போட வராது, உனக்குத் தெரியும். எழுந்து நின்று திட்டினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பத்தலைங்க" என்றார். "அவங்க இன்னும் சத்தமா திட்டுவாங்க."