பொய்லருக்கு இரண்டு கையெழுத்து

சோலோதுர்ன், சுவிஸ், வியாழன்

மாயாவின் அம்மாவுக்கு,

நான்கு வாரமாக நீர் தொலைபேசியை எடுக்கவில்லை. அதனால் ரெனானில் உம்முடைய அக்கா வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். நிலவறைப் பொய்லர் துருப்பிடித்து ஒழுகி நின்றுவிட்டது. பதினொரு நாளாக வீட்டில் சுடுதண்ணீர் இல்லை.

குழாய் வேலை செய்யும் கீர்த்தனன் வந்து பார்த்தான். "அண்ணை, பழைய மாதிரி தனிக் கரண்டில ஓடுற பொய்லர் இனிப் பூட்ட விடமாட்டினம். வெப்பப் பம்ப் வைச்சதுதான் பூட்டலாம். அது உயரம், நிலவறைக் கூரையில இடிக்கும், நிலத்தைத் தோண்டோணும். தண்ணி வடியக் குழாயும் வேணும். பன்னிரண்டாயிரம் பிராங்க் முடியும்," என்றான். காசை ஒழுங்கு பண்ணிவிட்டேன். அனுமதிப் படிவத்தில்தான் வேலை நிற்கிறது. வீடு நம் இருவர் பெயரிலும் இருப்பதால் அதில் உம்முடைய கையெழுத்தும் வேண்டும்.

மாயாவின் கால்கள் சுடுதண்ணீரில் கிடந்தால்தான் மடங்கும் என்பது உமக்குத் தெரியும். கேத்திலில் இருபது தரம் கொதிக்கவைத்துத் தொட்டியில் ஊற்றுகிறேன். நிரம்புவதற்குள் ஆறிவிடுகிறது. நேற்று அவள், "காணும் அப்பா, இவ்வளவு தண்ணி போதும், எனக்கு நோகேல்லை," என்று பொய் சொன்னாள். எட்டு வயதுப் பிள்ளை. நான் நிலவறைக்குப் போய் அழுதேன்.

மாயாவைத் தனியே பார்க்க முடியவில்லை என்று நீர் சொன்ன காலைகளில் நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன்.

படிவத்தைத் தபாலில் அனுப்பினாலே போதும் என்றுதான் கீர்த்தனன் சொன்னான். நான் இந்த உறைக்குள் அதை வைக்கவில்லை. இங்கே வந்து கையெழுத்துப் போடும். போட்டுவிட்டுத் திரும்பிப் போவதென்றாலும், ஒரு தரம் வாரும்.

இன்னும் உம்முடைய,
நான்