எதிர்வீட்டில் எத்தனை பேர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, உன் பாப்பா மூவரும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். உடம்புக்குக் குறையில்லை என்றுதான் எழுதினேன், மனதைப் பற்றி எழுதவில்லை, கவனித்தாயா. கொஞ்ச நாளாக வாசல் மணி அடித்தாலே யார் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். இந்தக் கடிதம் தபாலில் வராமல் ஆள் கையில் வந்ததுமே ஏதோ இருக்கிறது என்று ஊகித்திருப்பாய். முகாமுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று நீதானே சொன்னாய், அதனால் விடுப்பு முடிந்து திரும்பும் உங்கள் சமையற்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி, படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதைப் பொட்டலம் கட்டி உனக்கே அனுப்ப வேண்டும் என்று ஒரே அடம், உறைக்குள் வைத்திருக்கிறேன், ஏதோ கல் என்று உதறிவிடாதே. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வந்து போனார். வேலை பார்க்கும் ஊரில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது, இளைத்துவிட்டீர்களே என்றால் சட்டைதான் பெரிதாகிவிட்டது என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, இரண்டாவது மாடிக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் இந்த இராணுவக் குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டவரைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், எழுதிப் போட்டது நீதான் என்பது அவளுக்கு மறந்துபோய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டுப் பேண்டுக்காரரை உனக்குத் தெரியும், இராணுவ பேண்டில் டிரம் அடிப்பவர், பிள்ளைகள் இல்லை, புருஷனும் பெண்டாட்டியும் இரண்டே பேர். நீ கிளம்பிக் கொஞ்ச நாளில் மனிதர் தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் ஒரு ரப்பர் தட்டை வைத்துக்கொண்டு டொக் டொக் என்று அடிக்க ஆரம்பித்தார். பாப்பா வீட்டுப்பாடம் எழுத முடியவில்லை என்று நானே ஒரு நாள் கதவைத் தட்டி, "தம்பி, காலையில மைதானத்துல அடிக்கறது போதாதா?" என்று கேட்டேன். கதவை ஒரு சாண்தான் திறந்தார், "மன்னிச்சுக்குங்க, கை பழக்கம் விட்டுப்போயிடும்" என்று சொல்லி மூடிவிட்டார். எனக்குக் கோபம்தான், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் இப்படியா என்று அம்மாவிடம் புலம்பினேன்.

போன வாரம் திங்கட்கிழமை பிற்பகல், பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், வாசலைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். நாலு வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை வெறுங்காலோடு ஓடிவந்து எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே சமையலறைக்குப் போய், கீழ் டிராயரை இழுத்து அதன்மேல் ஏறி நின்று, மேல் அலமாரியைத் திறந்து மூலையில் கையை விட்டுத் துழாவியது. அந்த டிராயர் சிக்கும் என்று உனக்குத் தெரியும், கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும், அது எனக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று. அந்தக் குழந்தைக்குக் கையோடு வந்தது. மூலையில் அகப்பட்டது உன் அம்மாவின் உப்பு ஜாடிதான். குழந்தை திரும்பி எங்களைப் பார்த்து, "பிஸ்கட் டப்பா எங்க? நீங்க ஏன் எங்க வீட்ல இருக்கீங்க?" என்று கேட்டது. பின்னாலேயே பேண்டுக்காரரின் மனைவி ஓடிவந்து அதை வாரி அணைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நமக்கு இந்த வீட்டைக் கொடுக்கும்போது முன்பு இருந்தவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள் என்றுதானே சொன்னார்கள். மாற்றல்தான், திரும்பி வராத ஊருக்கு. அந்தக் குழந்தையின் அப்பா இராணுவ லாரி ஓட்டுநர் என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். நீ இப்போது இருக்கும் அதே முகாமுக்குச் சாமான் ஏற்றிப் போகும்போது வண்டி பள்ளத்தில் உருண்டுவிட்டது. அப்படி ஆனால் குடும்பத்துக்கு மூன்று மாதம்தான் கெடு. அவர் மனைவி கெடுவுக்குள் இந்த வீட்டைக் காலி செய்துகொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள், இரண்டு மாதத்தில் அண்ணி பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டாள். பென்ஷன் காகிதம் எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. போக்கிடம் இல்லாமல் இங்கே வந்தவளைப் பேண்டுக்காரர் உள்ளறையில் வைத்திருக்கிறார். ஜன்னல் திறப்பதில்லை, துணியை வெளியே காயப்போடுவதில்லை, குழந்தை ஓடியாடும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் அந்த டொக் டொக். நான் சண்டைக்குப் போனது அதற்குத்தான்.

இதைக் கேட்டதும் இரக்கம் வந்தது என்று எழுதினால் நல்லவனாகத் தெரிவேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது பயம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் ஆள் கணக்குப் படிவம் வந்திருந்தது, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். நம் வீட்டுக் கணக்கோடு போவதில்லை, எதிர்வீட்டில் எத்தனை பேர் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், நம்மைப் பற்றி அவர்கள் எழுதுவார்கள். பொய் என்று தெரிந்தால் இரண்டு வீடும் ஒரு வாரத்தில் காலி, வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுடைய கோப்பில் கறுப்புப் புள்ளி. போன மாதம் கடைசிக் கட்டடத்தில் ஒருவர் மைத்துனனை வைத்திருந்தார் என்று நடந்ததை நானே பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு மெத்தை, குக்கர், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை எல்லாம் மழையில் கிடந்தன, எதிர்வீட்டுக்காரர் சாமானும் சேர்ந்துதான். நாலு மாதத்தில் உனக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் வர வேண்டும், அதில் மண் விழுந்தால் பாப்பா இன்னும் எத்தனை நாள் அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பாள்? தவிரவும் நான் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம்கீப்பராக இருந்தவன். ஒரு நிமிஷம் தாமதமாக வந்த பஸ்ஸை ஒரு நிமிஷம் தாமதம் என்றே எழுதி, அதற்காக ஓட்டுநர்களிடம் வாங்காத வசவு இல்லை.

அதனால் செவ்வாய்க்கிழமை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் சொல்லாமல், குடியிருப்பு அலுவலகத்துக்குப் புகார் சொல்லத்தான் போனேன். அங்கே இருக்கும் குமாஸ்தாவுக்குச் சாவிக்கொத்து என்று பெயர், இடுப்பில் நூறு சாவி தொங்கும், நடந்தால் கோயில் யானை வருவது போலச் சத்தம் வரும். பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "என்ன பெரியவரே, என்ன விஷயம்?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன், "குழாய் ஒழுகுது" என்று வந்தது. அவரும் எழுதிக்கொண்டார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான் போ. மறுநாள் காலையில் பிளம்பர் வந்துவிட்டார். நம் குழாயைப் பார்த்தார், ஒழுகவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே லைன் என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். திறந்த பேண்டுக்காரரின் மனைவி பேயறைந்தவள் போல நின்றாள். நான் அரைமணி நேரம் படியருகில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளம்பர் வெளியே வந்து, "எங்கயும் ஒழுகலையே, கனவு கண்டீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்க உள்ளே போனேன். அந்த விதவைப் பெண் அப்போதுதான் துணி அலமாரியைத் திறந்துகொண்டிருந்தாள். மடித்து வைத்த சீருடைகளுக்கு நடுவே குழந்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு, தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழவில்லை. "போயிட்டாங்களா?" என்று கிசுகிசுவென்று கேட்டது. நம் பாப்பா பல் விழுந்ததற்குக் கட்டடமே அதிர அழுதாள், அழ வேண்டிய வயசு அது. இந்தக் குழந்தைக்கு அழாமலிருக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று தோன்றிவிட்டது.

அன்றைக்கே அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கத்துவாள் என்று பார்த்தால், வெகு நிதானமாக, "தாராளமா எழுதிக் குடுங்க. நானும் பெட்டியத் தூக்கிக்கிட்டு எதிர்வீட்டுக்குப் போயிடறேன். அப்புறம் அஞ்சு பேருன்னு சரியா எழுதுங்க, உங்களுக்குத்தான் கணக்கு சுத்தமா இருக்கணுமே" என்றாள். புகார் எழுதவும் கை வரவில்லை, இரண்டு பேர் என்று பொய் எழுதவும் கை வரவில்லை, இருதலைக் கொள்ளி எறும்பாக அந்த விதிப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது, ஒரு வீட்டில் வருஷத்துக்கு முப்பது நாள் விருந்தாளிகள் தங்கலாம், வீட்டுக்கு உரியவர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் இருந்தால் போதும். பேண்டுக்காரர் வீட்டில் இந்த வருஷத்து முப்பது நாளும் உறவுக்காரர்கள் வந்து தங்கியதிலேயே தீர்ந்துவிட்டதாம். அவர்கள் இருவரும் நம் வீட்டுக்கு விருந்தாளியாக வந்துவிட்டால் எதிர்வீட்டில் நிஜமாகவே இரண்டு பேர்தான். நான் எழுதுவதும் உண்மையாகிவிடும். ஆனால் வீட்டுக்கு உரியவள் நீ, உனக்குத் தபால் வந்து சேரப் பதினைந்து நாள் ஆகும், எனக்கு மிச்சமிருந்தது ஒரே நாள்.

அம்மாடி, உன் கையெழுத்தை நானே போட்டேன். பாப்பாவின் பள்ளிக்கூட அட்டையில் நீ போட்டிருந்ததைப் பார்த்து, பழைய செய்தித்தாளில் இருபது தடவை எழுதிப் பழகிப் போட்டேன். உறவு என்று கேட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று திகைத்தேன், "வேண்டியவங்கன்னு போடுங்க" என்றாள் அம்மா, போட்டேன். வெள்ளிக்கிழமை சாவிக்கொத்து அதை வாங்கிப் படித்தார். விருந்தாளியின் பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அந்தப் பெண்ணிடம் இந்த வீட்டுச் சாவியை வாங்கிப் பூட்டியவரே அவர்தானே. பிறகு, "உங்க பொண்ணு எப்ப கையெழுத்து போட்டாங்க? அங்கேருந்து வர நாளாகுமே" என்றார். "போகும்போதே வெறும் விண்ணப்பத்துல போட்டுக் குடுத்துட்டுப் போனா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டு, "முப்பது நாள். முப்பத்தோராம் நாள் காலையில நானே வருவேன்" என்றார்.

இப்போது அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், இன்றோடு ஐந்து நாள் போய்விட்டது. உன் அம்மா முழங்கால் வலியை மறந்து அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு பென்ஷன் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறாள். முப்பது நாளில் காகிதம் வருமா என்பது எனக்குத் தெரியாது. வராவிட்டால் என்ன செய்வேன் என்பதும் தெரியாது. உன்னிடம் யாராவது கேட்டால், போகும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன் என்று சொல். பொய் சொல்ல மனம் வராவிட்டால் உள்ளதைச் சொல்லிவிடு, அப்பா செய்தார், எனக்குத் தெரியாது என்று சொல், வருவது என் தலைமேல் வரட்டும், நான் வருத்தப்பட மாட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புத்தான்.

ஆயிரம் காலம் நீ நன்றாக இருக்க வேண்டும், போகிற வழியெல்லாம் உனக்குத் துணை இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் என் ஆசியும் சேர்ந்து. குளிரில் காதை மூடிக்கொள். இன்னும் ஒன்றே ஒன்று. இறந்துபோன தன் வீட்டுக்காரரின் சாமான்கள் முகாமிலிருந்து வந்தபோது, அவர் பெயருக்கு எதிரே தான் கையெழுத்துப் போட்டு வாங்கியதாக அந்தப் பெண் நேற்றுச் சொன்னாள். ஒரு கைக்கடிகாரம், இரண்டு சட்டை, ஒரு சீப்பு. அதைக் கேட்டதிலிருந்து உன் பெயரை என் கையால் எழுதிவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இன்னொரு முறை உனக்காக நான் கையெழுத்துப் போடும்படி வைத்துவிடாதே, கண்ணு. நாலு வரி போதும், திட்டியாவது எழுது, கீழே உன் கையாலேயே உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

பயந்துகொண்டிருக்கும்,
உன் அப்பா