நீ கேட்காமல் போன தீர்ப்பு

என் அன்பு அம்மாவுக்கு,

உன் மூத்தவள் எழுதுகிறேன். மேல்கோர்ட்டிலும் நமக்குத்தான் தீர்ப்பு. அவனுக்குக் கொடுத்த தண்டனையைக் குறைக்கவில்லை.

சேதி வந்தபோது பொன்னி களத்தில் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தாள். சாடையில் சொன்னேன். அவள் மூக்கின் ஓரத்தை விரலால் தொட்டாள். உன் மூக்குத்தி. பிறந்ததிலிருந்தே காது கேளாத, பேச்சு வராத உன் சின்ன மகள் உனக்கு வைத்த பெயர் அதுதானே. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்கிறாள். நான் என்ன சொல்வேன்?

அன்றைக்கு மத்தியானம் ஆடுகளை விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு ஓடிவந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தாவணி கிழிந்திருந்தது. இடது மணிக்கட்டு ஒடிந்து வீங்கியிருந்தது. மேலக்காட்டுக்காரர் மகன் மோட்டார் ரூமுக்குள் இழுத்ததையும், அவன் கையைக் கடித்துவிட்டு ஓடிவரும்போது கல்லில் விழுந்ததையும் அவள் கையாலும் முகத்தாலும் சொன்னாள். நீ அவளைக் கழுவித் துடைத்து, கட்டுப் போட்டு, பஸ் ஏறி இண்டூர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாய்.

ஸ்டேஷனில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஊமைப் பொண்ணு எப்பிடிம்மா சாட்சி சொல்லும்? போயி ஊருக்குள்ள பேசி முடிச்சுக்குங்க.”

“அவளுக்குப் பேசத்தானுங்க வராது. என்ன நடந்துச்சுன்னு நல்லாத் தெரியுமுங்க. நீங்க எழுதுங்க” என்றாய். எழுதும்வரை வாசற்படியை விட்டு நீ எழுந்திருக்கவே இல்லை.

ஊரில் கூடியவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். “பையனே கட்டிக்கறேங்கறான். வாயில்லாத புள்ளைக்கு இனி வேற எவன் வருவான்? கேஸ வாபஸ் வாங்கிக்க” என்றார் பெரியவர் ஒருவர். பொன்னிக்கு நல்லது செய்வதாகவே அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

“அவன் நெழலப் பாத்தாலே எம்புள்ள நடுங்குதுங்க. அவங்கூட அனுப்பி வெச்சுட்டு நான் வூட்ல சோறு திங்கறதாங்க?” என்று கேட்டுவிட்டு நீ எழுந்து வந்துவிட்டாய். அதற்கப்புறம் கடலை பறிக்க நம்மை யாரும் கூப்பிடவில்லை. நீ தர்மபுரிக்குச் சித்தாள் வேலைக்குப் போனாய், பொன்னியைக் கூடவே கூட்டிக்கொண்டு.

கேஸ் நடந்த அன்று, தாய் பக்கத்தில் இருந்தால் மகளுக்குச் சாடை காட்டுவாள் என்று அவன் வக்கீல் சொன்னதால், உன்னை வெளியே போகச் சொன்னார்கள். நீ புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். உள்ளே நடந்ததை பஸ் நெரிசலில் அரைகுறையாகத்தான் உனக்குச் சொன்னேன். இப்போது முழுதும் சொல்கிறேன், கேள்.

காது கேளாதோர் பள்ளி டீச்சர் சேலத்திலிருந்து வந்திருந்தார், நம் வீட்டில் தங்கிப் பொன்னியின் சாடைகளைப் படித்துக்கொண்டாரே, அவர்தான். வக்கீல் கேட்டதைக் கையால் அவளுக்குக் காட்டினார். “இதெல்லாம் உங்கம்மா சொல்லிக் குடுத்ததுதானே?”

பொன்னி உன்னைத் தேடி வாசலைப் பார்த்தாள். நீ இல்லை. அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அழவில்லை. மூக்கோரத்தைத் தொட்டாள், கண்ணைத் தொட்டாள், இல்லையென்று தலையாட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தட்டி, மறுபடி கண்ணைத் தொட்டாள்.

“அம்மா பாக்கலைங்கறா. நாந்தான் பாத்தேங்கறா” என்றார் டீச்சர்.

அதோடு அவள் நிறுத்தவில்லை. தன் கையைத் தானே கடிப்பதுபோல் காட்டி, கூண்டில் நின்றவனின் வலது கையை நோக்கி விரல் நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “கையைக் காட்டுப்பா” என்றார் நீதிபதி. பல் பதிந்த தழும்பு அப்படியே இருந்தது. உன் மகள் பேசியது எல்லோருக்கும் புரிந்தது, அம்மா. நீ பக்கத்தில் இல்லாமலே புரிந்தது.

தண்டனை கொடுத்ததும் அவன் அப்பீலுக்குப் போனான். அது முடிவதற்குள் உன் நெஞ்சுவலி முந்திக்கொண்டது. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா?

போன மாதம் வத்தல்மலையிலிருந்து ஒருவர், கண் தெரியாத தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். “கோர்ட்டுல செயிச்ச பொண்ணு வூடு இதுதானுங்களா?” என்றார். அவருடைய மச்சினனே அந்தப் பெண்ணுக்குத் தொந்தரவு கொடுக்கிறானாம், சொன்னால் யாரும் நம்பவில்லையாம். பொன்னிக்குச் சாடையில் சொன்னேன்; நான் யோசிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அதே ஸ்டேஷனுக்குப் போனோம். அந்தப் பெண்ணின் கையை அவள் கடைசிவரை விடவில்லை. புகாரை எழுதிக்கொண்டார்கள்.

இப்போது சித்தப்பா, “ஊமைப் புள்ள ஒண்டியா எப்பிடி இருக்கும்? வூட்ட வித்துட்டு நீ வாக்கப்பட்ட ஏரியூருக்கே கூட்டிட்டுப் போயிரு” என்கிறார். பொன்னியைக் கேட்டேன். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். சித்தப்பா கேட்டது என்னை. என்னைத் தவிர யாரும் அவளைக் கேட்கவில்லை.

அம்மா, வீட்டில் என் பங்கையும் அவளுக்கே எழுதிவைக்கிறேன். அவள் எங்கே இருப்பது, யாரோடு இருப்பது என்பதை அவள்தான் சொல்வாள். அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி ஒரு முடிவும் எடுக்க மாட்டேன்; எடுக்க வருகிறவர்களை விடவும் மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மூத்த மகள்,
பொன்னியின் அக்கா
சரோஜா