ஆஸ்தே, ஜல்தி, பஸ்

ஆம்பூர்
12-9-1963, வியாழன்

சௌபாக்கியவதி அமிர்தவள்ளிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் தம்பி சம்பத்தும் சுகம், வஜீதாவின் வலது கை மட்டும் சுகமில்லை. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க விரிஞ்சிபுரத்து ஈசனைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இந்த வருஷம் மழை பரவாயில்லை, பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறது. சம்பத் கணக்கில் மறுபடியும் கோட்டை விட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருக்கிறான். குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாய், தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டு, ஈரத்தோடு தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கதை பேசி நிற்காதே.

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். மேனேஜர் ராமமூர்த்தி அண்ணன் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் என்பதை நான் மறக்கவில்லை. இந்தப் பக்கிள் கம்பெனியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவர்தான், அதையும் மறக்கவில்லை. அதற்காக அவருடைய பொய்யை என் வாயால் சொல் என்றால் எப்படி அம்மா சொல்வேன்? நடந்ததை உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் கேள். செருப்பு வாருக்குப் போடுகிற பிளாஸ்டிக் பக்கிளை நாங்கள் கைமெஷினில்தான் செய்கிறோம். மேலே குழாயில் பிளாஸ்டிக் குருணை உருகிக் கிடக்கும், நான் பிடியை இழுத்தால் அது கீழே அச்சுக்குள் இறங்கும், அச்சின் திருகை முடுக்கிப் பார்த்துக்கொள்வது வஜீதா. எல்லாம் இழுக்கிற வேகத்தில்தான் இருக்கிறது. எடுத்த எடுப்பில் வேகமாக இழுத்தால் உள்ளே இருக்கிற காற்று போக வழியில்லாமல் பக்கிளின் ஓரம் கருகிவிடும், கடைசிவரை மெதுவாகவே இழுத்தால் பாதி வழியில் ஆறிப்போய் மூளியாக வரும், நிறைந்த பிறகும் அழுத்தினால் அச்சு வாய் பிளந்துகொள்ளும். அதனால் அவள் குனிந்து காற்று சீறுகிற சத்தத்தைக் கேட்டுச் சொல்வாள், நான் இழுப்பேன். ஆஸ்தே என்றால் மெள்ள, ஜல்தி என்றால் வேகம், பஸ் என்றால் போதும், என் கை நின்றுவிடும். எங்களுக்குள் சண்டை வந்து முகம் கொடுத்துப் பேசாத நாட்களில்கூட இந்த மூன்று வார்த்தையை மட்டும் பேசிக்கொள்வோம்.

போன வாரம் அவசர ஆர்டர் என்று அண்ணன் வந்து நின்றார். இன்னாம்மா, தேரா இழுக்கிறே, இன்னைக்கு சரக்கு ரொம்ப கம்மி என்று சொல்லி என்னைத் தள்ளிவிட்டு அவரே பிடியைப் பிடித்தார். வஜீதா ஆஸ்தே, ஆஸ்தே என்று கத்தினாள். அவர் காதில் வாங்காமல் வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுத்து, நிறைந்த பிறகும் விடாமல் அழுத்தினார். அச்சு வாய் பிளந்து, உருகினது அவள் மணிக்கட்டில் அப்பிக்கொண்டது. தண்ணீர் ஊற்றிப் பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. தோல் பதனிடுகிற இந்த ஊரில் நான் பார்க்காத தோலா, ஆனால் அதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது அண்ணன், வஜீதா திருகைச் சரியாக முடுக்கவில்லை என்கிறார். அவள் சொல் எடுபடவில்லை, கூட நின்ற மூன்றாவது ஆள் நான் ஒருத்திதான். திங்கட்கிழமை மெட்ராஸிலிருந்து முதலாளி விசாரிக்க வருகிறார். நான் ஆமாம் போட்டால் அவளுக்கு வேலையும் போகும், கம்பெனி செய்கிற வைத்தியமும் நின்றுபோகும். உண்மையைச் சொன்னால் அண்ணன் வேலை போகும். நேற்று வீட்டுக்கே வந்து ஆற்காட்டு மக்கன் பேடாவைக் கையில் கொடுத்து, உனக்கும் பேஜார் வேணாம், எனக்கும் பேஜார் வேணாம் என்றார். சம்பத் அதற்குள் ஒன்றை வாயில் போட்டுவிட்டான், மிச்சத்தை அவர் சைக்கிள் கேரியரிலேயே வைத்து அனுப்பிவிட்டேன்.

உன் மாமியார், உங்கம்மா என் தம்பியக் காட்டிக் குடுத்தா நீ ஆம்பூருக்கே போய்டு என்று சொன்னதாக எழுதி, என் வாழ்வு உன் நாக்கில் இருக்கிறது என்று முடித்திருக்கிறாய். அந்த வரியைப் படித்து அழுதேன், இல்லை என்று சொல்ல மாட்டேன், பெற்ற வயிறு. அழுது முடித்ததும் கோபம்தான் வந்தது. ஒருத்தியின் வெந்த கை மேல்தான் உன் குடித்தனம் நிற்க வேண்டுமா? உன் பிள்ளைக்கு முதல் சட்டை தைத்துப் போட்டது அந்தக் கைதான், மறந்துவிட்டாயா? அனுப்பினால் அனுப்பட்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தலை நிமிர்ந்து வா. இழுக்கிற கை எனக்கு இருக்கிறது, இந்த மெஷின் இல்லாவிட்டால் வேறு மெஷின். ஆனால் மாப்பிள்ளை உன்னை அனுப்ப மாட்டார் என்றுதான் நினைக்கிறேன், அவர் நியாயம் தெரிந்த பிள்ளை. இந்தக் கடிதத்தை அவரிடம் மறைக்காதே, உன் மாமியாருக்கும் உரக்கவே படித்துக் காட்டு.

குழந்தைக்குத் துளசிக் கஷாயம் மறக்காதே. தீர்க்க சுமங்கலியாக, ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். சம்மதம் என்று ஒரு வார்த்தை தந்தி அடி என்று கேட்டிருந்தாய். தந்தி அடிக்கப் போவதில்லை. இதைச் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன், அதுவும் சனிக்கிழமைதான் போடுவேன். இது உன் கைக்கு வந்து, நீ அழுது, வேண்டாம் அம்மா என்று பதில் எழுத உட்காருவதற்குள் நான் முதலாளியிடம் சொல்லி முடித்திருப்பேன். கடிதம் ஆஸ்தே வரட்டும்.

பஸ்.

இப்படிக்கு
உன் அம்மா
பூங்காவனம்