பரஞ்சோதியின் பேரன்

1963 ஜனவரி 20, ஞாயிறு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன், யாரிடம் என்று தெரியாவிட்டாலும். நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடப்பதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலம் முழுக்க வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதில்லை நான். வாயில் வராதது கையிலாவது வருகிறதா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நான் படிப்பிக்கிற ஹட்டன் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வித்தியாதிகாரி வந்தார். தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"பரஞ்சோதியா! படைத்தலைவன் பேராச்சே. மகள் மட்டும் ஏன் இப்படி நடுங்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்தப் பெயருக்கு யாரும் சிரிப்பதில்லை. பக்கத்து வீட்டு மீனம்மா அக்கா "ஒங்கப்பா" என்பாளே தவிர பெயரை உச்சரிக்க மாட்டாள். முழுப் பெயரும் கேட்பது ஒரே இடத்தில்தான். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது கணக்கப்பிள்ளை கூப்பிடுவார்: "பரஞ்சோதி!" அப்பா ஒருதரம் இருமிவிட்டு, "இருக்கேங்க" என்பார்.

பெப்ரவரி 10

தங்கை வடிவு தலைப் பிரசவத்துக்கு வந்துவிட்டாள். அவள் புருஷன் கணேசமூர்த்தி டயகமவிலிருந்து தகரப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார். சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ஆம்பளப் புள்ளயா இருந்தா எம் பேருதான். பேரு வெளங்கணும்ல."

"எனக்கு எங்கப்பன் மூஞ்சியே தெரியாதுங்க மாமா. ஒங்க பேரயே வைங்க" என்றார் கணேசமூர்த்தி.

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

மாலையில் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது மீனம்மா அக்கா பிடித்துக்கொண்டாள். "ஒரு புள்ளயக் குடுத்தது பத்தாதாமா அந்தப் பேருக்கு? நீதான் பீயே படிச்சவளாச்சே. அதுக்கு என்னா அர்த்தம்னு பாத்துச் சொல்லு, கேப்போம்."

பெப்ரவரி 17

பார்த்தேன். பரஞ்சோதி என்றால் மேலான ஒளி. பல்லவன் படையை நடத்திப் போய் வடக்கே ஒரு தலைநகரையே எரித்தவன். திரும்பி வந்து வாளை வைத்துவிட்டு அடியார்களுக்குச் சோறு போட்டான். பெரிய பெயரை விட்டுச் 'சிறுத்தொண்டர்' ஆனான். ஒருநாள் விருந்தாக வந்த சாமியார் பிள்ளைக் கறி கேட்டார். பிள்ளையின் தாய் காலைப் பிடித்துக்கொள்ளத் தகப்பன் அரிந்தார். பெற்றவர்கள் முகம் மலர்ந்திருப்பதைப் பார்த்துப் பிள்ளை சிரித்தானாம். கறி வெந்த பிறகு விருந்தாளி, "உன் மகனையும் கூப்பிடு, சேர்ந்து சாப்பிடலாம்" என்கிறார். வாசலில் நின்று "சீராளா, வா" என்று கூப்பிட, வெட்டுண்ட பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வருவது போல ஓடி வருகிறான்.

லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அச்சில் படித்தபோது அந்தச் சிரிப்பில் நின்றுவிட்டேன்.

வீட்டில் 'மேலான ஒளி' என்பதை மட்டும் சொன்னேன். அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

மார்ச் 31

எனக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். சின்னத்தம்பி. ஆறு வயதில் போனான். அப்பா ஒரே ஒருமுறைதான் என்னிடம் அதைச் சொல்லியிருக்கிறார்.

"கவ்வாத்து மலையில செடி வெட்டிக்கிட்டு நிக்கிறேன். கத்தி மழுங்கிப் போச்சு. லயத்துக்குப் போய் அரத்த எடுத்துட்டு வாடான்னேன். சிரிச்சிக்கிட்டே ஓடுனான். பனி எறங்கிருச்சு. தேடிப் போவலாம்னு பாத்தா தொர வந்து நிக்கிறாரு. வேலைய விட்டு எப்புடிம்மா போறது?"

வேலை முடிந்து தேடிப் போனார்கள். ஓடையில் கிடந்தான்.

அன்றிலிருந்து, சீராளன் திரும்பி வந்த நாளான சித்திரைப் பரணியில் எங்கள் வீட்டில் இலை போட்டுப் படைப்போம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் செய்கிற வழக்கம். பொழுது சாயும்போது அப்பா வாசலில் நின்று ஒரே தரம் "சீராளா, வா" என்பார். நாங்கள் வாசலைப் பார்க்கக் கூடாது, இலையைத்தான் பார்க்க வேண்டும். செத்த பிள்ளையின் சொந்தப் பெயரை மட்டும் சொல்லவே கூடாது. சொன்னால் வந்துவிடுமாம்.

ஏப்ரல் 24, புதன். பரணி.

அப்பா சொல்லிவிட்டார். வேண்டுமென்றா, வாய் தவறியா — தெரியவில்லை.

வாசலில் நின்றார். பனி படிக்கட்டு வரை வந்திருந்தது. வழக்கமான குரல் வரவில்லை. பிறகு, "சின்னத்தம்பி, வாடா."

அம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. நாங்கள் யாரும் தலை தூக்கவில்லை. கேட்டது மட்டும்தான். ஈரக் கால் ஓடி வந்து வாசலில் நின்ற சத்தம்.

நாயாக இருக்கலாம்.

ஏப்ரல் 26

வடிவுக்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பிறந்ததும் அழவில்லை, மருத்துவச்சி தட்டித்தான் அழவைத்தாள்.

மே 12

இதை எழுதலாமா?

தினமும் பொழுது சாய்ந்ததும் எங்கள் வாசற்படியில் ஒரு கால் தடம். ஈரமாக. ஒரு கால்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு இருக்கிற அளவு. மழை பெய்யாத நாளிலும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆதாரம் கேட்டு வாங்கச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். நானே விரலால் தொட்டுப் பார்த்தேன். ஓடைத் தண்ணீரின் சில்லிப்பு.

அம்மா அதைத் துடைப்பதில்லை. சுற்றிக்கொண்டு போகிறாள்.

"வந்தவன போகச் சொல்ல முடியுமா?" என்றாள். "புள்ளைக்குச் சின்னத்தம்பின்னு வச்சிருவோம். எவ்வளவு நாளைக்கு வெளியவே நிப்பான்?"

அப்பா பெயரை வைத்தால், அது பிள்ளையைக் கொடுத்தவனுடைய பெயர். அண்ணன் பெயரை வைத்தால் — பிள்ளைக்குள் யார் இருப்பார்கள்? வேறு பெயர் வைக்கலாமே என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. வழக்கம்போல.

மே 26, ஞாயிறு

பெயர் வைத்தார்கள். அப்பாதான் காதில் ஓதினார்.

மடியில் பிள்ளையை வைத்துத் துண்டால் இருவர் தலையையும் மூடிக்கொண்டார். மூன்று தரம் உதடு அசைந்தது. பிள்ளை சிரித்தது.

"என்னாங்க மாமா வச்சீங்க? ஒங்க பேருதானே?" என்றார் கணேசமூர்த்தி.

"அவனுக்குச் சொல்லிட்டேன்."

"எங்களுக்கு?"

"பேரு தெரிஞ்சாத்தானே கூப்புடுவாங்க? தொரயும் கூப்புட முடியாது, சாமியும் கூப்புட முடியாது. இருந்துட்டுப் போறான்."

மீனம்மா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பேரில்லாப் புள்ளயா? நல்லா இருக்குய்யா ஒங்க கூத்து!"

தோட்ட ஆபீசில் 'ஆண் குழந்தை' என்று பதிந்ததோடு சரி. நாங்கள் 'தம்பி' என்கிறோம்.

ஜூன் 9

படியில் தடம் இல்லை. பதினைந்து நாளாகப் பார்க்கிறேன். படி காய்ந்து கிடக்கிறது. அம்மா அதில் உட்கார்ந்து அழுதாள்.

அப்பா, நீங்கள் படைத்தலைவர்தான்.

1964 ஜனவரி 17

அப்பா போய்விட்டார். கவ்வாத்து மலையில் நனைந்து பிடித்த சளி, நெஞ்சில் கட்டிவிட்டது.

கடைசியில் கேட்டேன். "பேரச் சொல்லுங்கப்பா. எனக்கு மட்டும்."

"ஒனக்குச் சொன்னா நீ கூப்புடுவ" என்றார். சிரித்தார்.

பெப்ரவரி 3

கணக்கப்பிள்ளை இன்றைக்குப் பழக்க தோஷத்தில் பெரட்டில் அப்பா பெயரைக் கூப்பிட்டுவிட்டாராம். பனிக்குள்ளிருந்து "இருக்கேங்க" என்று பதில் வந்ததாம். பாதிப் பொம்பளைகள் கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

"யாராவது விளையாடியிருப்பாங்க அக்கா" என்றேன் மீனம்மா அக்காவிடம்.

"வெளையாட்டா? மொதல்ல இருமுனது யாரு? அதுவுமா வெளையாட்டு?"

மே 11, திங்கள். பரணி.

இப்போதே எழுதிவிடுகிறேன்.

வடிவு பிள்ளையோடு வந்திருக்கிறாள். இலை போட்டோம். கூப்பிட ஆள் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். "நீ கூப்புடு." நான் எழுந்து கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை.

தம்பி வடிவு மடியில் இருந்தான். ஒரு வயது ஆகியும் இன்னும் நடக்கவில்லை, தவழ்வதோடு சரி. யாரும் கூப்பிடவில்லை, அது எனக்கு நிச்சயம். ஆனால் பெயர் காதில் விழுந்தவன் போலச் சட்டென்று தலையைத் திருப்பினான். மடியிலிருந்து இறங்கினான். எழுந்து நின்றான். நடந்தான்.

அவன் முதல் நடை. கதவைத் தள்ளிக்கொண்டு, சிரித்துக்கொண்டே.

"டேய்... தம்பி... நில்லுடா!" திரும்பவில்லை. லயத்தில் எல்லாப் பயல்களும் தம்பிதான். ஓடுகிறவனை நிறுத்த எங்களிடம் அவன் பெயர் இல்லை. படிக்கு வெளியே ஒரு காலை வைத்துவிட்டான். பாய்ந்து சட்டையைப் பிடித்தேன். எதிரே பனி மட்டும்தான். அதற்குள் யாரோ ஒருதரம் இருமினார்கள்.

இப்போது வடிவின் சேலையில் ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டித் தூங்கவைத்திருக்கிறோம். தூக்கத்திலும் முகம் கதவுப் பக்கம்தான்.

அப்பா, உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. படிக்க வைத்தீர்கள், அதற்கு மேல் கேட்க வெட்கமாக இருந்தது. அங்கே தனியாக இருப்பீர்கள், தெரிகிறது. சின்னத்தம்பி இருக்கிறான்தானே? அவனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இவன் பெயர் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதச் சொல்லிக் கூப்புடாதீங்கப்பா.