சொந்த ஊர் என்ற கட்டம்

எங்கள் துறைக்கு வெளியே இன்று பெயின்ட் அடிக்கிறார்கள். டர்பென்டைன் வாசனை அறைக்குள் நிறைந்திருக்கிறது. மேசையில் என் புத்தகத்தின் அச்சுப்படி. உட்கார முடியவில்லை, எழுந்து எழுந்து நடக்கிறேன்.

உன் சட்டையிலும் எப்போதும் இந்த வாசனைதான். வரலாறு பி.ஏ.வில் நாம் ஒரே பெஞ்ச். நான் குடியுரிமை, புலம்பெயர்வு என்று ஆய்வுக்குப் போனேன். உன் அப்பா அம்மா இலங்கையில் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். நீ ஆரணியில் பிறந்து முகாமில் வளர்ந்தவன். குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாமல் சுவருக்கு வண்ணம் அடித்தாய். என் ஆய்வுக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினாய்.

முடிந்த ஆய்வேட்டை உன்னிடம் காட்டினேன். உன் பக்கத்தைப் படித்தாய்.

"இன்னா ப்ரொபசரே, நான் ஏழாம் நம்பரா?"

"பேர் போட்டா உனக்குத்தான்டா பிரச்சனை."

"அது கெடக்கட்டும். சொந்த ஊர் மன்னார்னு போட்டு வச்சிகினு கீற. மன்னார் எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது. பர்த் சர்டிபிகேட் காட்னேனே!"

"அந்தக் கட்டத்துல பூர்வீகம்தான் போடணும்."

"ஆபீஸ்லயும் இதயேதான் சொல்றாங்க. கேட்டா மேலேர்ந்து ஆர்டராம். உனக்கு யார்டா ஆர்டர் போட்டது?"

புத்தகமாக வரும்போது திருத்துகிறேன் என்றேன்.

"ஜல்தி போடு" என்று சிரித்தாய்.

எனக்குப் பட்டம் வந்தது, வேலை வந்தது. உன் குடியுரிமை மனு மேசை மேசையாக நகர்ந்தது. போன மாதம் அரிசி மில் சுவரில் நீ நின்ற சாரம் சரிந்தது. இறப்புச் சான்றிதழில் ஆரணி என்று எழுத யாருக்கும் தயக்கமில்லை. பிறந்தது ஆரணி, செத்தது ஆரணி. நடுவில் வாழ்ந்த முப்பத்திரண்டு வருஷம் மட்டும் நீ வெளிநாட்டுக்காரன்.

அச்சுப்படியில் மன்னாரை அடித்துவிட்டு ஆரணி என்று எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். பதிப்பாசிரியர் போன் செய்தார். "சார், இத மாத்துனா உங்க மூணாவது அத்தியாயமே நிக்காதுங்களே?"

நிற்காதுதான். இங்கே பிறந்தவர்களையும் வந்தவர்களாக எண்ணித்தான் அந்த அத்தியாயத்தைக் கட்டியிருந்தேன். உன்னை இந்த ஊரிலிருந்து வெளியே தள்ளிய கைகளில் என் கையும் ஒன்று. அந்தக் கூச்சம் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.

"விழட்டும்ங்க" என்றேன்.

அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். இதுவரை ஒரே ஒரு வரி வந்திருக்கிறது: இவர்கள் எங்கிருந்தும் வரவில்லை.